பாதித் தலையோடு இண்டூர் பஸ்ஸில்

இந்தப் பத்திக்கு மேலே படத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, தோள்வரை முடி வைத்துக்கொண்டு... அவரைத் தற்சமயம் நம்பாதீர்கள். அந்த முடி இப்போது இல்லை.

போனதில் வருத்தமில்லை. போன விதத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

கடந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இண்டூரில் தருமபுரி பஸ் ஏறினேன். தலையின் வலது பாதி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. இடது பாதி வழக்கம்போல் தோளில் புரண்டுகொண்டிருந்தது. நடுவில் வரப்பு போட்டதுபோல் ஒரு கோடு.

கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். என் தலையைப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

“என்னாங்க சார், பாதியில கரண்டு போயிடுச்சுங்களா?”

“இல்லீங்க. மீதி நாளைக்கு.”

 நான் இறங்கும்வரை அவருடைய ஒரு கண் என்மேலேயே இருந்தது. பக்கத்து சீட் அம்மா தன் குழந்தையை ஜன்னலோரம் நகர்த்தி, எனக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு கூடையை வைத்தார்.

வீட்டுக்குப் போனால், கதவைத் திறந்த மனைவி அப்படியே நின்றாள். “இது ஃபேஷனா, வேண்டுதலா?” என்றாள்.

யோசித்துப் பார்த்தால் வேண்டுதல்தான். என்னுடையதல்ல – ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுடையது. அவள் பெயர் சங்கவி.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இண்டூரைத் தாண்டிக் கொஞ்சதூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். முழுப் பரீட்சை முடிந்து, லீவு விடுவதற்கு முன்னால், அங்கே ‘விருப்ப வாரம்’ என்று ஒன்று நடத்துகிறார்கள். அந்த வாரம் பாடப் புத்தகம் கிடையாது, ஹோம்வொர்க் கிடையாது, மார்க் கிடையாது. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஒரு கைவேலையைத் தேர்ந்தெடுத்து அதையே வாரம் முழுக்கச் செய்யலாம். சைக்கிள் ரிப்பேர், கேக், வீட்டு வயரிங், ஜாக்கெட் தையல், முடிவெட்டு... இப்படிப் பல. சனிக்கிழமை பெற்றோர் முன்னால் செய்து காட்ட வேண்டும். கேட்கவே ஆசையாக இல்லையா? நாம் படித்த காலத்தில் பரீட்சை முடிந்தால் பேனா மையை ஒருவர் சட்டையில் ஒருவர் தெளித்துக்கொள்வதுதான் விருப்பப் பாடம்.

இந்த வரிசையில் ‘எழுதிப் பழகுவோம்’ என்று ஒரு வகுப்பும் இருந்தது. நடத்தியவர்... அடியேன்தான்.

கேக் வகுப்புக்கு அடிதடி. முடிவெட்டு வகுப்புக்கும் பையன்கள் முண்டியடித்தார்கள் – காதோரம் வழித்துவிட்டு மேலே கோழிக்கொண்டை வைக்கும் அந்த ‘ஃபேடு’ கட்டிங்கைத் தாங்களே செய்துகொள்ளலாம் என்ற நப்பாசை. என் வகுப்புக்கு வந்தவர்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிட்டார்கள். “எழுத்தில் இவ்வளவு ஆர்வமா?” என்று பூரித்துப்போய்க் கேட்டேன்.

“கேக் ஃபுல் ஆயிடுச்சுங்க சார்” என்றான் ஒருவன்.

சரி, உண்மை பேசுகிறானே, எழுத்தாளனாக வருவான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். “வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை எழுதுங்கள்” என்றேன். எல்லோரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். ஓரத்தில் இருந்த பெண் மட்டும் பேனா மூடியைத் திறக்கவே இல்லை.

“என்னம்மா, எழுத ஒன்றும் தோன்றவில்லையா?”

“எனக்கு எழுத வேணாங்க சார்.” முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “முடி வெட்டக் கத்துக்கணுங்க. மொதல்ல அதத்தான் கேட்டேன். எடமில்லேன்னு ஹெச்.எம். மேடம் இங்க அனுப்பிட்டாங்க.”

அவள் கேட்டது கத்தரிக்கோல். கிடைத்தது நான். என்ன ஓர் ஏமாற்றம்!

“எதற்கும்மா முடிவெட்டு?”

“எங்க சித்தப்பாவுக்குங்க சார்.”

பிறகு அவள் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கவியின் அப்பா முனிராஜ், தக்காளி விவசாயி. அவருடைய தம்பி மாதேஷுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து உடம்பு வளர்ந்த அளவுக்குப் பேச்சும் புத்தியும் வளரவில்லை. பேசுவது சில வார்த்தைகள்தான். ஆனால் தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேட்டை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைப்பார். பழுத்தது, செங்காய், காய் என்று தரம் பிரிப்பதில் அவரை நம்பி விட்டுவிடலாம். ஆட்டுக்குட்டிகளுக்கு அவர்தான் எல்லாம். அந்த வீட்டில் அவரை யாரும் பாரமாக நினைக்கவில்லை.

ஒரே ஒரு கஷ்டம் – முடி. சலூன் வாசலைக் கண்டாலே ஓட்டம். வீட்டில் கத்தரிக்கோலை எடுத்தாலே அலறல். அதனால் குடும்பத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை, வைகாசியில், குலதெய்வம் கோயிலில் அவருக்கு மொட்டை. நாலு ஆம்பிளைகள் கை கால்களைப் பிடித்துக்கொள்ள, நாவிதர் வேலையை முடிப்பார். அந்த அலறலில் யாருக்கும் எதுவும் காதில் விழாது.

ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? ‘வருசம் தவறாம குலசாமிக்கு முடி குடுக்கறாங்க. பக்தின்னா முனிராஜ் வூட்டு பக்திதான்’ என்று சொல்கிறதாம். போன வருடம் பக்தி கொஞ்சம் எல்லை மீறிவிட்டது. திமிறியதில் மாதேஷுக்கு முழங்கை பிசகிவிட்டது. கத்தி பட்டு மண்டையில் ரத்தம். அன்றைக்கு ஒரு குரங்குக் குல்லாயை எடுத்துத் தலையில் மாட்டியவர்தான், இன்றுவரை கழற்றவில்லை. நம் தருமபுரி வெயிலில், சித்திரை மாதத்தில், கம்பளிக் குல்லாய்! குளிக்கும்போதும் குல்லாயோடுதான். உள்ளே முடி சடை பிடித்து வேர்க்குருவும் கொப்புளமுமாக இருக்கிறதாம்.

“இந்த வைகாசிக்குக் கயிறு போட்டுக் கட்டித்தான் மொட்டை போடணும்னு அப்பா சொல்றாருங்க சார். சொல்லிட்டு அவரே அழுவறாரு.” சங்கவி பேனாவை பெஞ்சில் உருட்டிக்கொண்டே பேசினாள். “அதுக்குள்ள நான் கத்துக்கிட்டா கயிறு வேணாமில்லீங்களா?”

 ‘வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை எழுது’ என்று சொன்ன என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நேராக ஹெச்.எம். அறைக்குப் போனேன். அவர் நல்லவர். இந்த விருப்ப வாரமே அவருடைய பிடிவாதத்தில் நடப்பதுதான். ஆனால் பிடிவாதத்துக்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

“சார், பொம்பளப் புள்ள ஆம்பளைங்க தலையத் தொட்டு முடி வெட்டுதுன்னா நாளைக்குப் பெத்தவங்க வந்து என் மேஜையத் தட்டுவாங்க. அதான் எடமில்லேன்னு சொல்லிட்டேன்” என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் ஃபேனைப் பார்த்தார். “அந்தப் புள்ளயோட அப்பாவையே கேட்டுடலாங்களா?”

முனிராஜ் மறுநாள் காலையிலேயே மொபெட்டில் வந்துவிட்டார். சட்டையெல்லாம் தக்காளிக் கறை. முடிவெட்டு வகுப்பின் வாசலில் வைத்துத்தான் பேச்சு நடந்தது. அந்த வகுப்பை நடத்தும் நவீனும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இண்டூரில் கலர் கலராக லைட் போட்ட சலூன் வைத்திருக்கும் வாலிபன். தலையின் முன்பக்கம் மட்டும் செம்பட்டைச் சாயம், காதில் கடுக்கன், வாய் ஓயாத பேச்சு.

“மேடம், எம் பொண்ணு ஆசப்பட்டா நான் எதுக்கும் வேணாம்னு சொல்றதில்லீங்க” என்று ஆரம்பித்தார் முனிராஜ். “ஆனா நாங்க காடு கழனி வெச்சிருக்கற குடும்பங்க. நம்ம புள்ள போயி அந்த வேலைய...”

நிறுத்திக்கொண்டார். நிறுத்திய இடத்துக்கு அப்புறம் என்ன வரும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்தில் இதையெல்லாம் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. முழுசாகச் சொல்லாததாலேயே அது போகவும் மாட்டேன் என்கிறது.

நவீன் கையிலிருந்த சீப்பைச் சட்டைப்பையில் செருகினான். அப்புறம் சிரித்தபடியே சொன்னான். “அண்ணா, மாசா மாசம் ஒங்க தலைய நாந்தான் புடிக்கிறேன். இத்தினி நாள்ல ஒங்களுக்கு எதுனா ஒட்டிக்கிச்சா?”

முனிராஜுக்கு முகம் சுருங்கிப்போனது. “டேய், நான் அப்பிடிச் சொல்லலடா...”

“அப்பா” என்றாள் சங்கவி. “வைகாசிக்குக் கயிறு வாங்கணும்னு சொன்னியே. வாங்கிட்டியா?”

முனிராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வையைத்தான் துடைக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். பிறகு நவீனைப் பார்த்து, “சொல்லிக் குடுப்பா” என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, என் வகுப்பிலிருந்த ஒரே நல்ல மாணவி போய்விட்டாள். மீதிப் பேரை நான் கட்டுரை எழுத வைத்துவிட்டு, முடிவெட்டு வகுப்பை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவீன் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் நாற்காலியில் உட்கார வேண்டும். “உக்காந்து பாத்தாதான் கஸ்டமருக்கு எங்க கூசும், எங்க வலிக்கும்னு தெரியும்” என்பான். பையன்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கோழிக்கொண்டை கிடைத்தது. சங்கவியின் முறை வந்தபோது கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டி, தலையைக் குனிய வைத்துப் பிடித்துக்கொண்டு, பின்னல் நுனியை மட்டும் ஒழுங்குபடுத்த ஆரம்பித்தான்.

கொஞ்சநேரம் கழித்து அவள் கேட்டாள். “ஆச்சாண்ணா?”

“ஆச்சும்மா, ஆச்சு” என்றான் நவீன். வெட்டிக்கொண்டே இருந்தான்.

“ஆச்சாண்ணா?”

“ஆச்சு ஆச்சு. அவ்ளோதான்.” வெட்டிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. துணியை அவிழ்த்ததும் எழுந்து நேராக ஜன்னலுக்கு, என்னிடம், வந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. ஏதோ வெட்டுப்பட்டுவிட்டது என்று பதறிவிட்டேன்.

“சார், எங்க சித்தப்பாவும் இதாங்க கேப்பாரு. மொட்டை போடறப்போ ‘ஆச்சா, ஆச்சா’ன்னு கத்துவாரு. நாங்க எல்லாரும் சுத்தி நின்னுகினு ‘ஆச்சு ஆச்சு’ன்னுதான் சொல்லுவோம். நானும்தாங்க சொல்லுவேன்.” மூக்கை உறிஞ்சினாள். “ஆனா ஆயிருக்காதுங்க சார். ஒருநாளும் ஆனதே இல்லீங்க.”

இதைப் படிக்கும் உங்களைக் கேட்கிறேன். நாம் எல்லோரும் சொல்லுவோமா இல்லையா? ஊசி போடும்போது குழந்தையிடம், பல் பிடுங்கும்போது பெரியவரிடம், காது குத்தும்போது, காயத்துக்கு மருந்து போடும்போது... ‘ஆச்சு, ஆச்சு, அவ்வளவுதான்!’ அன்பாகத்தான் சொல்லுகிறோம். ஆறுதலாகத்தான் சொல்லுகிறோம். பொய்யாகவும் சொல்லுகிறோம். பேசத் தெரிந்தவர்கள் ‘யோவ், பொய் சொல்லாதே’ என்று திருப்பிச் சண்டை போடலாம். மாதேஷுக்கு அந்த வார்த்தைகள் கிடையாது. அலறல்தான் இருந்தது. அதை நாம் பயம் என்று நினைத்துக்கொண்டோம். பாதி கோபமாகவும் இருந்திருக்கும்.

சங்கவி மறுநாள் ஒரு புதுச் சட்டத்தோடு வந்தாள். சித்தப்பா ‘ஆச்சா’ என்று கேட்டால், அந்த நிமிஷமே நிறுத்திவிட வேண்டும். கால்வாசி வெட்டியிருந்தாலும் சரி, ஒரு கற்றைதான் வெட்டியிருந்தாலும் சரி. மீதி, அவர் மறுபடி வந்து உட்காரும்போது.

நவீன் தலையில் கை வைத்துக்கொண்டான். “பாதியில வுட்டா எப்பிடிம்மா? பாதி கட்டிங்கோட ஒருத்தன் ரோட்டுல போனா, எந்தக் கடைன்னு கேட்டு எங்கடையத்தான் காட்டுவான்! எம் பொழப்பு என்னாவறது?”

“பழகணும்ணா. நிறுத்திப் பழகணும். கை தானா வெட்டிக்கிட்டே போவுது.”

நிறுத்திப் பழக ஒரு தலை வேண்டும். கோழிக்கொண்டைப் பையன்கள் ஒருத்தன்கூட அசையவில்லை. எவன் பாதித் தலையோடு வீட்டுக்குப் போவான்? எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து “என் தலையை எடுத்துக்கோம்மா” என்று ஒரு குரல். பேசியது நான்தான் என்று எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

எனக்கு உள்ளூர ஒரு தைரியம். நான் ‘ஆச்சா’ என்று கேட்டால்தானே நிறுத்துவாள்? கேட்காமல் இருந்துவிட்டால் முழுசாக முடிந்துவிடுமே!

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளி மைதானத்துப் புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். கழுத்தில் துணி கட்டவில்லை. தலையைப் பிடித்து அழுத்தவில்லை. வலது பக்கம் மளமளவென்று இறங்கியது. வருஷக்கணக்காக வளர்த்த முடி மடியில் வந்து விழ விழ, அதைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். காதுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் சத்தம் வேறு. நான் என்ன செய்ய... வாய் தன்னால் கேட்டுவிட்டது.

“ஆச்சாம்மா?”

“ஆச்சுங்க சார்.” கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஐயோ, இல்லம்மா... சும்மா கேட்டேன்!”

“நீங்க சும்மா கேட்டாலும் ஆச்சுங்க சார். சித்தப்பா சும்மா கேக்கறாரா, நெசமா கேக்கறாரான்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?”

எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? “நாளைக்கு சார்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நவீன் மட்டும் சிரிக்கவில்லை. “சார், யார் கேட்டாலும் எங்கடைன்னு சொல்லிடாதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டான். அப்படித்தான் அந்த பஸ்ஸில் ஏறினேன்.

சனிக்கிழமை. பள்ளி மைதானம் திருவிழாபோல இருந்தது. கேக் வகுப்பு ஆளுயரக் கேக் செய்திருந்தது, அது ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. வயரிங் வகுப்பு சுவிட்சைப் போட்டால் பக்கத்து ஸ்டாலில் பல்பு எரிந்தது. போண்டா மணம் மூக்கைத் துளைத்தது. புங்க மரத்தடியில் நான், என் மீதி முடியோடு.

முனிராஜின் மொபெட் வந்தது. பின்னால், அண்ணன் சட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி மாதேஷ். கிண்ணென்ற உடம்பு. தலையில் அந்தக் கம்பளிக் குல்லாய். வியர்வை கழுத்தில் வழிந்தது.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வலது பக்கம் வந்து பார்த்தார். சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய்ப் பார்த்தார். மறுபடி வலது பக்கம். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. மெதுவாகக் கையை நீட்டி என் வெட்டிய பக்கத்தைத் தடவினார். என்னை இதுவரை எந்த வாசகரும் அவ்வளவு பிரியமாகத் தொட்டதில்லை.

சங்கவி அவரைக் கூப்பிடவே இல்லை. என் இடது பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்துக் கொஞ்சம் வெட்டினாள். நான் “ஆச்சா?” என்றேன். “ஆச்சுங்க சார்” என்று நிறுத்தினாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி வெட்டினாள். மறுபடி கேட்டேன். மறுபடி நிறுத்தினாள். மாதேஷ் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்துகொண்டேன். நாற்காலி காலியாக இருந்தது.

“போடா மாதேஷு, உக்காரு” என்று முனிராஜ் தோளைத் தொட்டார். சங்கவி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் போனதோ. மாதேஷ் தானாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே, குல்லாயைக்கூடக் கழற்றாமல், கேட்டார்.

“ஆச்சா?”

“ஆச்சு சித்தப்பா” என்றாள் சங்கவி. ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

அவர் எழுந்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி உட்கார்ந்தார். “ஆச்சா?” – “ஆச்சு சித்தப்பா.” எழுந்தார். ஒரு சுற்று. உட்கார்ந்தார். “ஆச்சா?” – “ஆச்சு.”

வேடிக்கை பார்த்தவர்களுக்கு இது விளையாட்டாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. அவர் விளையாடவில்லை. சோதித்துப் பார்க்கிறார். இந்த ஒருத்தியாவது சொன்னபடி நிறுத்துகிறாளா என்று, ஆயுசு முழுக்க ஏமாந்த மனுஷன் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்.

அப்படி ஒரு தடவை வந்து உட்கார்ந்தபோது, குல்லாயைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

முனிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கவி ஒரு கற்றை வெட்டினாள். “ஆச்சா?” – “ஆச்சு சித்தப்பா.” நிறுத்தினாள். எழுந்தார், சுற்றினார், வந்தார். அடுத்தமுறை இரண்டு மூன்று கற்றைகள். அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். சடையும் சிக்குமாக வலது பக்கம் முழுக்கக் கீழே வந்துவிட்டது. விழுந்த முடியை அவள் ஒரு மஞ்சள் துணியில் பொறுக்கி வைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுபடி “ஆச்சா?” என்றார். “ஆச்சு” என்றாள். இந்தமுறை அவர் மரத்தைச் சுற்றவில்லை. போண்டா ஸ்டாலைப் பார்த்து நடந்துவிட்டார். பாதித் தலை, கையில் போண்டா, முகம் நிறையச் சட்னி. திரும்பி வருவதாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு ஸ்டாலாகப் பார்த்துக்கொண்டே வந்த விழா விருந்தினர்கள் புங்க மரத்துக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். “என்ன, பாதியில விட்டுடுச்சா அந்தப் பொண்ணு?” என்றார் ஒருவர். “இன்னும் ட்ரெய்னிங் வேணும் போல” என்றார் இன்னொருவர். கூட வந்த ஹெச்.எம். என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்தார். சங்கவி கத்தரிக்கோலைத் துடைத்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

முன்னால் வந்தது யார் தெரியுமா? நவீன். பாதி கட்டிங் வெளியே போனால் பொழைப்பு போய்விடும் என்று கும்பிட்ட அதே நவீன்.

“சார், அதோ போண்டா சாப்பிடறாரே, அந்தக் கட்டிங் எங்கடை ஸ்டூடண்ட் பண்ணது” என்றான், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. “அது அவ்ளோதான் இன்னிக்கி. ஆரும் புடிக்காம அவர் தலைய வெட்டின ஒரே ஆளு இந்தப் பொண்ணுதான். என்னாலகூட முடியாதுங்க.”

ஹெச்.எம். அவளைக் கட்டி அணைத்துக்கொண்டார்.

முனிராஜ் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.  “நாலு பேர் புடிச்சோங்க சார். வருசா வருசம் புடிச்சோம். ‘ஆச்சா’ன்னு கேக்கறான் எந் தம்பி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நிறுத்திப் பாப்பம்னு எங்க ஒருத்தருக்கும் தோணலியேங்க...” துண்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பாதித் தலையோடு ஒருவனும் தக்காளிக் கறையோடு ஒருவரும் ஸ்கூல் மதிலோரம் நின்று அழுதால் பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

“குலசாமிக்கு என்னாங்க பண்றது? முடி குடுக்கணுமே?” என்றார் பிறகு.

பக்கத்தில் வந்து நின்ற சங்கவி மஞ்சள் துணி மூட்டையைக் காட்டினாள். “சாமிக்கு முடிதானேப்பா வேணும்? சித்தப்பா அழுவறது எதுக்கு?”

விருப்ப வாரம் அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் மாதேஷுக்கும் எனக்கும் இடது பக்கம் பாக்கி இருந்ததே! ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டு வீடு. நான் போய்ச் சேரும்போது மாதேஷ் வாசலில் ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொன்றையும் கவிழ்த்து, என்னைப் பார்த்து அதைத் தட்டினார். இரண்டு பாதித் தலைகளும் அக்கம்பக்கமாக உட்கார்ந்தோம். குல்லாய் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

சங்கவி எனக்குக் கொஞ்சம், அவருக்குக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வெட்டினாள். அன்றைக்கு அவர் ‘ஆச்சா’ என்று கேட்கவே இல்லை. மடியில் ஓர் ஆட்டுக்குட்டியை வைத்து அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். முனிராஜும் அவர் மனைவியும் மூச்சுக்கூட விடாமல் நிலைப்படியில் நின்றார்கள்.

கடைசியில் அவளே சொன்னாள். “ஆச்சு சித்தப்பா.”

மாதேஷ் கையைத் தூக்கித் தலையைத் தடவினார். முன்னால், மேலே, பின்னால். இடது காதுக்குப் பின்னால் விரல் நின்றது. அங்கே ஒரு சின்னக் கற்றை விட்டுப்போயிருந்தது.

“இல்ல” என்றார். காதை மடக்கிப் பிடித்து அவள் பக்கமாகத் தலையைச் சாய்த்தார். “இன்னும்.”

சங்கவி கத்தரிக்கோலைப் பிடித்தபடியே அழுதாள். அழுதுகொண்டே அந்தக் கற்றையை வெட்டினாள்.

நேற்று பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். “இந்த வாரப் பத்தி ஆச்சா?” என்று வழக்கம்போல் கேட்டார். ஒரு வரிகூட எழுதாமலே ‘ஆச்சு சார், ஆச்சு’ என்று சொல்லியே காலம் தள்ளியவன் நான்.

“இல்லீங்க சார், இன்னும் பாதி இருக்கு” என்றேன்... மறுமுனையில் ரொம்பநேரம் சத்தமே இல்லை. பாவம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது!